தையற்பொறியில் நூலிறுக்கம்

கல்லூரி மலருக்கும் தையற்பொறிக்கும் யாது சம்பந்தம் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம் மாணவருள் எத்தனை பேருடைய கட்டணம் வீட்டுத் திண்ணையில் மிதிக்கப்பட்ட பொறியொன்றினின்று வந்தது என்பதை ஒருவரும் கணக்கெடுத்ததில்லை. எம் அண்டை வீட்டு அம்மையார் கணவரை இழந்தபின், கரிய நிறச் சிங்கர் பொறியொன்றைக் கொண்டே பெண்மக்கள் இருவரைப் படிக்கவைத்தவர். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்த மே மாதத்தில் ஒருநாள், துணியின் அடிப்புறத்தில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டு திரளத் தொடங்கிற்று. பார்க்க வந்த பழுதுகாரர், பொறி முதுமையடைந்து விட்டது, இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுக என்று கூறிச் சென்றனர். அப்பொறியைத் திறந்து பார்க்க நேர்ந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

கையால் தைக்கும்போது நூல் ஒன்றே. பொறியிலோ நூல் இரண்டு. கூர்முனையருகே காதுடைய ஊசியையும், கீழே ஓடும் நாடாவையும் இணைத்து இருநூல் தையலுக்கு அமெரிக்கராகிய எலியாஸ் ஹௌ 1846இல் உரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமை பெற்றபின் அது வீடுதோறும் புகுந்தது. யந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியடிகளும் 1924இல் சிங்கர் தையற்பொறியை மட்டும் விலக்காக வைத்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நம் நாட்டு வீடுகளில் இன்றும் உழைக்கும் பழைய பொறிகளுட் பல சிங்கரின் 15ஆம் வகையைச் சார்ந்தவை. கல்கத்தாவிலிருந்து வந்த பழைய உஷாப் பொறியும் அமைப்பில் அதனைப் பெரிதும் ஒத்ததே. ஆதலின் அவ்வகையையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

மேனூலும் கீழ்நூலும் ஒவ்வொரு தையலிலும் ஒன்றையொன்று தழுவிப் பூட்டிக்கொள்கின்றன. இப்பூட்டு துணியின் கனத்துள் நடுவே மறைந்து நிற்றல் வேண்டும். திருவிழாவில் வடம் இழுப்பாரைக் கண்டிருப்பீர்கள். இருபுறத்து வலியும் ஒத்திருக்கும்வரை வடத்தின் நடுக்குறி அசையாது. இங்கும் அதுவே. மேனூல் மிக இறுகின் பூட்டு மேலேறிக் கீழ்நூல் புள்ளி புள்ளியாக மேலே தோன்றும். மேனூல் தளரின் பூட்டு கீழிறங்கி அடியில் வளையங்கள் தொங்கும். அடியிற் குலைவு கண்டவுடன் பலர் பாபின் கேஸைக் கழற்றித் திருகத் தொடங்குகின்றனர். இது பெரும்பிழை. அடியில் தொங்குவது பெரும்பாலும் மேனூலே. அதனைப் பிடித்து நிறுத்தவேண்டியது மேலேயுள்ள தட்டுகளின் கடன். எது எந்நூல் என்று ஐயமுறுவோர், மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் கோத்துக் கந்தற்றுணியொன்றில் ஒரு சாண் தைத்துப் பார்ப்பாராக, ஐயம் ஒழியும்.

மேலிறுக்கத்தைத் தருவன இரு சிறு வட்டத்தட்டுகள். அவை முதுகோடு முதுகு சேர நிற்க, தேன்கூடு போலக் குவிந்த சுருள்வில் ஒன்று அவற்றை நெருக்குகின்றது. அவ்வில்லை ஒரு திருகுமரை அழுத்துகின்றது. மரையை வலஞ்சுழியாகத் திருப்பின் இறுக்கம் மிகும், இடஞ்சுழியாகத் திருப்பின் குறையும். சில பொறிகளில் 0 முதல் 9 வரை இலக்கங்கள் காணப்படும். இவை எடையோ விசையோ குறிப்பன அல்ல, வெறும் அடையாளங்களே. துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தினால் ஒரு சிறு முள் தட்டுகளைப் பிரித்துவிடும். ஆகவே நூல் கோக்கும்போது பாதம் மேலே இருத்தல் வேண்டும். இறுக்கத்தைச் சோதிக்கும்போது கீழே இருத்தல் வேண்டும். பாதம் தாழ்ந்திருக்கக் கோத்த நூல் தட்டுகளிடையே புகாமல் விளிம்பிலேயே தங்கிவிடுவதுண்டு. பின் மரையை எத்துணை இறுக்கினும் பயனில்லை. சோதனை எளிது. பாதத்தை உயர்த்தி நூலை இழுத்தால் தடையின்றி வரும். தாழ்த்தி இழுத்தால் ஊசி சற்றே வளையும்.

தட்டுகளை அடுத்து ஒரு மெல்லிய கம்பிவில் உளது. பலரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. எம் கருத்தில் நுட்பமான உறுப்பு இதுவே. ஊசி கீழிறங்கும்போது தளரும் நூலை இக்கம்பி தாங்கிப் பிடித்து, ஊசிக்காது துணியை நெருங்கும் வேளையில் விட்டுவிடுதல் வேண்டும். முன்னரே விட்டால் தளர்ந்த நூல் ஊசிமுனையில் அகப்பட்டுப் பிளந்து அறும். கம்பி வளைந்தோ ஒடிந்தோ போயின் தட்டுகள் எவ்வளவு செம்மையாயிருப்பினும் தையல் சீர்ப்படாது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி இதன் அசைவைக் கண்ணால் கண்டறியலாம்.

கீழிறுக்கம் பாபின் கேஸின் புறத்தே ஒட்டிய தகட்டுவில்லால் உண்டாவது. அதிலுள்ள இரு திருகாணிகளுள் நடுவேயுள்ள பெரியதே இறுக்கத்தை மாற்றுவது. மற்றது தகட்டைப் பிணைப்பது. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கலாகாது. கையைச் சிறிது உதறினால் இரண்டு மூன்று விரற்கடை இறங்கி நிற்றல் வேண்டும். திருத்தம் வேண்டின் கால்சுற்றுக்கு மேல் ஒருகாலும் திருப்பற்க. அத்திருகாணி எள்ளினும் சற்றே பெரிது. தரையில் விழுந்தால் தேடிக் காண்பது அரிது. ஆகலின் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தே வேலை செய்க. கீழிறுக்கம் ஒருமுறை அமைந்தபின், துணிக்கும் நூலுக்கும் ஏற்ற சிறு மாற்றங்களை மேல்மரையிலேயே செய்துகொள்ளலாம்.

ஆயினும் எதனையும் திருகுமுன் ஊசியை மாற்றிப் பார்த்தல் வேண்டும். முனை மழுங்கிய ஊசியும், நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கத்தை நோக்காமல் மாறிப் பொருத்திய ஊசியும் இறுக்கக் குற்றத்தையே நடித்துக் காட்டும். அடுத்தது அழுக்கு. தகட்டுவில்லின் கீழே பஞ்சுப்பிசிறு ஓர் இழை புகுந்தாலும் வில் தூக்கிக்கொண்டு இறுக்கம் போய்விடும். கெட்டித்தாளின் விளிம்பால் அதனை நீக்கலாம். மேல்தட்டுகளிடையே எண்ணெய் இடலாகாது. உலர்ந்த துணியை மடித்துச் செலுத்தித் துடைத்தலே முறை. தேங்காயெண்ணெய் இடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசினாக இறுகி உறுப்புகளைப் பற்றிக்கொள்ளும். பின்னர் மண்ணெண்ணெய் கொண்டு கரைத்து, மிஷின் எண்ணெயே இடுதல் வேண்டும். தட்டுகளில் நூலோடிய தடம் பள்ளமாகத் தேய்ந்திருப்பின், துடைத்தும் திருகியும் பயனில்லை, மாற்றவேண்டியதே.

அம்மையாரின் பொறிக்கு வருவாம். மரையை, இத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே கழற்றி, வில்லையும் தட்டுகளையும் வந்த வரிசைப்படியே துணிமேல் பரப்பினோம். தட்டுகளின் நடுவே, என்றோ அறுந்த நீல நூல் ஒரு விரற்கணு நீளம், எண்ணெயும் தூசும் ஏறிக் கயிறுபோல் தடித்துக் கிடந்தது. அதுவே தட்டுகளை நெருங்கவொட்டாமல் தடுத்தது. அடியில் வளையம் கண்ட அம்மையார் பல நாளாகப் பாபின் திருகாணியையே தளர்த்தி வந்தமையால், கீழிறுக்கமும் இல்லாமற் போயிருந்தது. துடைத்து, எண்ணிய சுற்றுகளுக்கே மரையைப் பூட்டி, கேஸைத் தொங்கவிட்டுச் சரிசெய்தபின், சிவப்பும் வெள்ளையும் கோத்துத் தைத்த முதற் சாணிலேயே பூட்டு உள்ளே மறைந்தது. அம்மையார் துணியை இருபுறமும் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் கூறினாரல்லர். இளைய மகளின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவரச் சொல்லி, பாபின் திருகாணியும் தகடும் சேருமிடத்தில் இனி நிலை மாறாதபடி ஒரு செம்பொட்டு வைத்தார். அன்று மாலையே விளக்கேற்றிச் சீருடைகளுக்கு அமர்ந்தார்.