கணிச்சி: கோடரியா, குந்தாலியா?

கேள்வி: பழந்தமிழில் வரும் கணிச்சி எந்தக் கருவி? அகராதியில் கோடரி, குந்தாலி இரண்டுமே இருக்கின்றனவே?

பதில்: உளியும் தோட்டியும்கூட இருக்கின்றன! குந்தாலியே மூத்த பொருள் என்பது என் கணிப்பு. நற்றிணை, கணிச்சியால் குழித்த கூவலை, அதாவது கிணற்றைப் பேசுகிறது. வறண்டு இறுகிய நிலத்தில் கிணறு தோண்டக் கோடரியின் அகன்ற வாய் உதவாது, குந்தாலியின் கூர்முனைதான் இறங்கும். சிவன் ஏந்திய மழு என்னும் கோடரியும் கணிச்சிதானே என்று கேட்கலாம். ஆனால் புறநானூற்றில் கணிச்சி எமனின் படையாகவும் வருகிறது. அங்கும் புலவர் எடுத்துச் சொல்வது கூர்மையைத்தான். படைக்கருவியாக மாறியபின் மழுவுக்கும் அப்பெயர் பரவியிருக்க வேண்டும். திருக்குறளிலோ காமம் கணிச்சியாகி, நாணம் தாழிட்ட நிறை (மன அடக்கம்) என்னும் கதவை உடைக்கிறது. கதவைக் கோடரியாலும் பிளக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. அந்தச் சான்று இருபக்கமும் சாயும். ஆனால் கூவல் தோண்டக் கோடரி ஆகாது.