ஒன்பதும் பதினொன்றும்

கேள்வி: மனக்கணக்கு மேதை சகுந்தலா தேவி சொன்ன 26 இலக்க விடை சரிதானா என்று கால்குலேட்டர் இல்லாமல் பார்க்க முடியுமா?
– வாசகர், ஹைதராபாத்

பதில்: ஓரளவு முடியும். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருக்குக் கொடுத்த பெருக்கல்: 76,86,36,97,74,870 × 24,65,09,97,45,779. 28 விநாடியில் வந்த விடை: 1,89,47,66,81,77,99,54,26,46,27,73,730. (அதே ஆண்டு உங்கள் ஊருக்குப் பக்கத்து மேதக்கில் இந்திரா காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றவரும் இவரே. அந்தக் கணக்குதான் கைகூடவில்லை!)

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். முதல் எண்ணுக்கு 78. ஓரிலக்கமாகும்வரை மறுபடி கூட்டினால் 6. இரண்டாவதற்கு 74, அதாவது 2. ஆறிரண்டு பன்னிரண்டு, அது 3. விடையின் கூட்டுத்தொகை 138, அதுவும் 3. பொருந்துகிறது. ஒன்பதால் வகுத்த மீதியைத்தான் இப்படிக் கண்டுபிடிக்கிறோம்.

ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை கோட்டைவிட்டுவிடும். கூட்டுத்தொகை மாறாதே! அதற்குத்தான் பதினொன்று. இரண்டாவது எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: ஒரு வரிசைக்கு 37, மற்றதற்கும் 37. ஆகவே அது 11-ஆல் மீதியின்றி வகுபடும். அப்படியானால் விடையும் வகுபட்டாக வேண்டும். அங்கே 69, 69! அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சமநிலை குலைந்திருக்கும்.

இரண்டு சோதனையிலிருந்தும் ஒரு தவறு தப்ப வேண்டுமானால், சரியான விடைக்கும் தவறான விடைக்கும் உள்ள வித்தியாசம் 99-இன் மடங்காக இருக்க வேண்டும். அந்தச் சந்தேகமும் தீர, முழுப் பெருக்கலையும் தாளில் போட்டுப் பார்ப்பதே வழி.