பீரோவில் பொடியும் நூல்கள்: வேலையில் இருந்துகொண்டே என்ன படிக்கலாம்?

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலக உதவியாளராக இருக்கிறேன். வயது 38. பி.லிப். முடித்திருக்கிறேன். நன்கொடையாக வந்த பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் எங்களிடம் நாலைந்து பீரோ நிறைய உள்ளன. தொட்டாலே பொடிகின்றன. இவற்றை மின்னுருவாக்கக் கற்க வேண்டும், முதுகலைப் பட்டமும் வேண்டும், வேலையையும் விட முடியாது. 'டிஜிட்டைசேஷன்' என்ற பெயரிலேயே ஆறு மாதச் சான்றிதழ் தருவதாக ஒரு தனியார் நிலையம் சொல்கிறது. எதில் சேரலாம்?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அந்த ஆறு மாதச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். கல்லூரி நூலகர் பதவிக்கு யுஜிசி கேட்பது நூலக அறிவியலில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுகலை, கூடவே நெட் அல்லது செட். உங்கள் பதவி உயர்வுக்கு உதவப்போவது எம்.லிப். பட்டம்தான். மின்னுருவாக்கத்தை அதற்குள் வைத்தே படித்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் அஞ்சல்வழிதான். பி.லிப். முடித்தவர்கள் இக்னோவில் எம்.லிப். பட்டத்தை ஒரே ஆண்டில் முடிக்கலாம். நூலகத் தானியக்கம், வலைப்பின்னல் ஆகியவற்றுக்கென்று தனி முதுநிலைப் பட்டயமும் அங்கே உண்டு. முறையான ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022-இல் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆனால் நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு ஏற்பு இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டே கட்டணம் கட்டுங்கள். பிரிட்டனில் அபெரிஸ்ட்வித், டண்டீ பல்கலைக்கழகங்கள் ஆவணக்காப்பு முதுகலையைத் தொலைநிலையில் நடத்துகின்றன. நல்ல படிப்புகள்தான், உதவித்தொகை கிடைக்காமல் அந்தக் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஒன்றை முதலிலேயே கேளுங்கள்: செய்முறைத் திட்டத்தையோ ஆய்வேட்டையோ உங்கள் கல்லூரியின் அந்த பீரோக்களை வைத்துச் செய்ய விடுவார்களா? விடுவார்கள் என்றால் அங்கேயே சேருங்கள். இந்த வேலை பாடப்புத்தகத்தில் பாதிதான் வரும்.

ஸ்கேன் செய்வது இதில் எளிய பகுதி. கெட்டியாகத் தைத்த பழைய நூலைச் சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும், தையலை ஒட்டிய எழுத்துகளும் பதியாது. விரித்த நூலைத் தாங்கும் 'வி' வடிவத் தாங்கியும் மேலிருந்து படமெடுக்கும் கேமராவும் வேண்டும். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 400 பிபிஐ-யில் முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 46 எம்பி. 200 பக்க நூல் 9 ஜிபியைத் தாண்டும். இதில் மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வட்டு வாங்கப் பணம் ஒதுக்காமல் கேமரா வாங்காதீர்கள்.

கடினமான பகுதி விவரக்குறிப்பு. பழைய நூலின் முகப்பில் 'பிரமாதி வருஷம்' என்று மட்டும் போட்டிருக்கும். அது 1879-80ஆ, 1939-40ஆ? அச்சகத்தின் பெயர், முகவரி, விலை, பின்னட்டை விளம்பரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்திய சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே நூலின் காலத்தையும் ஆசிரியரையும் சரியாகக் கண்டால்தான், அதைப் பொதுவில் ஏற்றலாமா என்பதே தெரியும். இதைச் செய்ய அந்தக் காலத் தமிழ் நூல்களோடு பழகிய ஆள் வேண்டும். அந்தப் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதைக் குறைவாக எண்ணாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களைக் கணினி எழுத்துணரி தப்பாகப் படிக்கும்போதும் திருத்த உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. விடுப்பில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அட்டவணை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதை முக்கியமாகக் கவனியுங்கள்.

படிப்பில் சேருமுன் கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். பின்னால் பணிப்பதிவேட்டில் பட்டத்தைச் சேர்க்கும்போது அதைக் கேட்பார்கள். அதே கடிதத்தில் பீரோ நூல்களுக்குப் பட்டியல் எடுக்கவும் அனுமதி கேளுங்கள். அந்த வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.