பல்லி எச்சத்தில் அந்த வெள்ளை முனை எதுக்கு?

ஹாஸ்டல் ரூம்ல டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கிற மேஜையைப் பாருங்க. அரிசி அளவில் கருப்பாக ஒரு துண்டு, ஒரு முனையில் மட்டும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை. "எலி வந்திருக்குடா" என்று உடனே முடிவு கட்டிடாதீங்க. எலிப் புழுக்கையில் அந்த வெள்ளை இருக்காது. இது பல்லி எச்சம்.

கருப்பு, மலம். வெள்ளை, சிறுநீர். பல்லிக்கு ரெண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீர் ஏன் திடமாக இருக்கிறது?

புரதம் செரிக்கும்போது அம்மோனியா உருவாகிறது, அது விஷம். 1 கிராம் நைட்ரஜனை அம்மோனியாவாகவே வெளியேற்ற சுமார் 500 மில்லி தண்ணீர் வேண்டும். நம்மைப் போல யூரியாவாக மாற்றினால் சுமார் 50 மில்லி. யூரிக் அமிலமாக மாற்றினால் 10 மில்லியே போதும். அது தண்ணீரில் சரியாகக் கரையாததால், வெள்ளைப் பசையாகத் தனியே படியும். மிச்சத் தண்ணீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனா இலவசம் இல்லை, யூரிக் அமிலம் தயாரிக்க அதிக ஆற்றல் செலவாகும். தண்ணீரைச் சேமிக்க ஆற்றலைச் செலவழிக்கும் டிசைன் இது. நம்ம ஒகேனக்கல்லில் இருக்கும் முதலைகளும் ஊர்வனதான். ஆனா தண்ணீரிலேயே வாழ்வதால் அவை அம்மோனியாவாகவும் நிறைய வெளியேற்றும்.

வளர்ப்பு இகுவானா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தினமும் உதவும். உருவம் கலையாத பழுப்பு அல்லது பச்சை கலந்த மலம், மென்மையான வெள்ளைப் பகுதி, கொஞ்சம் தெளிந்த நீர்: இது நார்மல். வெள்ளைப் பகுதி மஞ்சளாகி, கெட்டியாக, மணல் மாதிரி இருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று சந்தேகப்படணும். அதே பகுதி பச்சையானால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். ரத்தம், புழு, ரெண்டு நாளுக்கு மேல் தண்ணியாகப் போவது என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போகணும். புது எச்சத்தையும் ஒரு டப்பாவில் எடுத்துட்டுப் போங்க. எச்சமே வரலைன்னா முதலில் கூண்டின் சூட்டைப் பாருங்க. வெளிச்சூடு குறைந்தால் ஊர்வனவற்றுக்குச் செரிமானமும் மந்தமாகிவிடும். கண்ணாடியில் வெள்ளைத் துளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது இகுவானா மூக்கு வழியாகத் தும்மிய உப்பு.

ரெண்டு எச்சரிக்கை. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பல்லி விழுந்த சாப்பாடு விஷமாகிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஆனா இந்தக் கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம். அதனால மெஸ் சாப்பாட்டை மூடி வைக்கணும். கூண்டைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவணும். அடுத்தது, ஊரில் பிடிச்ச உடும்பை வளர்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது, வளர்ப்பது குற்றம். இகுவானாவாக இருந்தாலும் அரசிடம் பதிவு செய்திருக்கணும்.

சுவத்துல இருக்கிற பல்லியை விரட்ட வேண்டாம், கொசுவைத் தின்னட்டும். மேஜையை மட்டும் ஈரத்துணியால் துடைச்சிடுங்க.