பாட்டாலியும் பருப்புப்பொடியும்

பெஹாலா சௌராஸ்தாவுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. சமையலறையில் ஒரு மிக்ஸி, ஒரு தராசு, பாக்கெட் ஒட்டுகிற சீலிங் மெஷின். 2021இல் என் இணையக் கடை இவ்வளவுதான். இட்லி மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, ரசப்பொடி விற்றேன். முதலில் வாங்கியவர்கள் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். பிறகு ஜோக்கா ஐஐஎம்மில் படிக்க வந்த பிள்ளைகள். ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் யுபிஐயில். கடை என்ற நினைப்பே இல்லாமல் ஆறு மாதம் கடை நடத்திவிட்டேன்.

அந்த ஆறு மாதமும் தப்பு. வீட்டில் அரைத்த பொடிதானே என்றாலும், காசு வாங்கி விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். இடைத்தரகர் ஒருவர் 3,000 கேட்டார். ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் உட்கார்ந்து நானே போட்டுக்கொண்டேன். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறும், அதனால் பதிவு செய்கிற அன்றைக்குத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

14 இலக்கப் பதிவு எண் வந்ததும் லேபிள் வேலை. பொருளின் பெயர், எடை, எல்லா வரிகளும் சேர்த்த எம்ஆர்பி, தயாரித்த மாதம், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், பேட்ச் எண், என் முகவரி, புகாருக்கு ஒரு போன் நம்பர், பச்சைப் புள்ளி. இதெல்லாம் ஒரு மாலையில் முடிந்தது. என்னை மாட்டிவிடப் பார்த்தது சேர்மானப் பட்டியல்தான். பர்ணஸ்ரீயிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "தீதி, இதில் கோதுமை, மைதா எதுவும் இல்லையே? பையனுக்கு ஆகாது." உளுந்து, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம் என்று அடுக்கிவிட்டு, கோதுமைக்கு இங்கே என்ன வேலை என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு ஏதோ உறுத்த, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கூட்டுப்பெருங்காயம். பிசின், கோதுமை மாவு, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். நல்லவேளை, பாக்கெட் இன்னும் கிளம்பவில்லை. அன்றிலிருந்து, வாங்கிப் போடுகிற ஒவ்வொரு பொருளின் லேபிளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் என் லேபிளை எழுதுகிறேன்.

பிறகு வீட்டுக்காரர். கொல்கத்தா மாநகராட்சியின் 'சர்டிஃபிகேட் ஆஃப் என்லிஸ்ட்மென்ட்' (எல்லோர் வாயிலும் இன்னும் டிரேட் லைசன்ஸ்தான்) எடுக்க, வாடகை ஒப்பந்தமும் அவருடைய சம்மதக் கடிதமும் தேவைப்பட்டன. "பௌமா, பாடீத்தே தொகான்?" என்றார். வீட்டில் கடையா என்று கேட்கிறார். அவருக்கு உள்ளூரப் பயம்: வீட்டு வரி ஏறுமா, கரண்ட் வணிகக் கட்டணத்துக்கு மாறுமா, வாசலில் கும்பல் கூடுமா. "மேஷோமொஷாய், ஆள் யாரும் வரமாட்டார்கள், பார்சல்தான் போகும்" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் போர்டு வைக்க மாட்டேன், ஆள் வைத்து அரைக்க மாட்டேன் என்று தாளில் எழுதிக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார். வாடகை வீட்டில் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், இந்தப் பேச்சை முதல் பாக்கெட் விற்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இதுவரைக்கும் எல்லாம் கொல்கத்தாவுக்குள். 2022 டிசம்பரில் எனக்கு ஆசை வந்தது. குளிர்காலத்தில் இங்கே பேரீச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி நொலேன் குர் செய்வார்கள். கட்டியாக வார்த்தால் பாட்டாலி, பாகாக இருந்தால் ஜோலா குர். நம் ஊர்க் கருப்பட்டியின் தங்கை மாதிரி, புகை வாசனையோடு இருக்கும். சென்னையில் இருக்கும் சிநேகிதிகள் கேட்டார்கள். பொடி இங்கே, பாட்டாலி அங்கே, நல்ல வியாபாரம் என்று கணக்குப் போட்டேன்.

"40 லட்சம் தாண்டினால்தானே ஜிஎஸ்டி?" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்கிறவருக்குத்தான். வரி உள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால், விற்றது 500 ரூபாய்க்கானாலும் பதிவு கட்டாயம். கைத்தறி, கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு; வெல்லத்துக்குக் கிடையாது. சில்லறையாக வெட்டிக் கொடுக்கிற வெல்லத்துக்கு வரி இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம். லேபிள் ஒட்டாமல் அனுப்பலாமா என்றால் எடையளவுச் சட்டம் பிடிக்கும். கொஞ்சமாக வரி கட்டும் காம்போசிஷன் திட்டமும் மாநிலம் தாண்டி விற்கிறவருக்குக் கிடையாது. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபரில் ஒரு சலுகை வந்தது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே.

ஆக, மேற்கு வங்கத்தில் இருக்கிற தமிழர் தமிழ்நாட்டுக்கு விற்க நினைத்தால், முதல் பார்சலிலிருந்தே ஜிஎஸ்டிக்காரர். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கணக்குத் தாக்கல் விடாது. கோடையில் பாட்டாலி ஏது? ஆர்டர் இல்லையே என்று சும்மா இருந்துவிட்டேன். ஒன்றும் விற்காவிட்டாலும் 'நில்' ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தாமதத்துக்கு நாளுக்கு 20 ரூபாய் அபராதம். அந்த வருஷம் பாட்டாலியில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு இப்படிக் கரைந்தது.

நிஜமாகவே கரைந்தது ஜோலா குர். கண்ணாடி பாட்டில், மேலே பபிள் ராப், அதற்கு மேல் அட்டைப்பெட்டி. மாம்பலத்தில் பெட்டியைத் திறந்தவர் அனுப்பிய வீடியோவில் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது, உள்ளே நுரை. வழியில் ஆறு நாள் ஆகியிருந்தது, பாகு புளித்துவிட்டது. கூரியர்காரர் பாக்கிங் சரியில்லை என்றார். என் தளத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன், அதைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டியிருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன். 2019 நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். வழக்கை வாங்கியவர் தன் ஊரிலேயே போடலாம். 'கொல்கத்தா நீதிமன்றம் மட்டுமே' என்று நான் எழுதி வைப்பதை அங்கே யாரும் மதிக்கப்போவதில்லை. அன்று மாலையே பணத்தைத் திருப்பிவிட்டு அந்தத் 'திரும்பப் பெறப்படாது' வாசகத்தை அழித்தேன். இப்போது இருப்பது: உடைந்தோ கெட்டோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் படம் அனுப்புங்கள், பணம் அல்லது மாற்றுப் பொருள். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2020இன் மின்வணிக விதிகள் சொல்வதால், பொறுப்பாளர் பெயராக என் பெயரையே போட்டிருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள்!

சின்னச் சின்னதாகச் சில. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. கடைப்பெயருக்கு டிரேட்மார்க் போட எனக்கு 4,500 ரூபாய் ஆனது. பெயரை அச்சடிக்கும் முன் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், நான் 500 கவரை வீணடித்த பிறகுதான் தேடினேன். பணம் வந்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் சாட்சி இல்லை, வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். பணம் வாங்கித் தரும் சேவைகளின் நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். ரீஃபண்ட் பக்கம் இல்லை என்று எனக்கு ஒன்பது நாள் பணம் நின்றது. பக்கத்து பரிஷாவில் சபர்ண ராய்சௌத்ரி குடும்பத்தின் ஆட்சாலா மண்டபம் இருக்கிறது. 1698இல் மூன்று கிராமங்களை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அங்கேதான் கையெழுத்தானது என்பார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியவை நினைவுக்கு வரும்.

இப்போது ஜோலா குர் என் பட்டியலில் இல்லை. பாட்டாலி மட்டும், டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை, திங்கள் செவ்வாயில்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறெல்லாம் கிடங்கில் கிடக்கும்.