அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு

சிக்கனத்தை அடுப்பிலிருந்து தொடங்குங்கள். கல்லூரிக் காலத்தில் காசு கரைவது பெரும்பாலும் சாப்பாட்டில்தான். கொண்டைக்கடலை, காராமணி எதுவானாலும் இரவே ஊறப்போட்டால் குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். கூட்டி வைத்தாலும் உள்ளே சூடு ஏறாது; ஆவிதான் வெளியேறும், எரிவாயு வீண். இறக்கியபின் ஆவி தானாக அடங்கட்டும், அந்தச் சூட்டிலும் பருப்பு வேகும். அரிசி கழுவிய நீர் செடிக்கு. மாடியில் ஒரு தொட்டி இருந்தால், அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தைத் தூவினாலே சில வாரங்களில் கீரை பறிக்கலாம்.

மின்சாரக் கணக்கு எளிது: 1000 வாட் கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பழைய 75 வாட் மின்விசிறி ஆளில்லாத அறையில் 8 மணி நேரம் சுற்றினால் 0.6 யூனிட் போச்சு.

ஊசி, நூல், நாலு பொத்தான் கைவசம் இருக்கட்டும். தையல் பிரிந்ததற்காக நல்ல சட்டையைத் தூக்கிப்போட எனக்கு மனசே வராது. பாடநூலுக்கு முதலில் நூலகம், அடுத்து சீனியர்கள், கடைசியில்தான் கடை. பையில் மடித்த மஞ்சப்பை ஒன்று. ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பையன்கள்.