வீட்டுத் தோட்டத்தில் குட்டை ஊசியிலைச் செடிகள்: வாங்கும் முன் படிக்க வேண்டிய பாடம்



போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு புதுத் தொழில் ஒன்றில் இறங்கியது. மலையிலிருந்து வேனில் செடி கொண்டுவந்த வியாபாரியிடம், எலுமிச்சை வாசம் அடிக்கும் பொன்பச்சை நிறக் கூம்புச் செடிகள் 40 வாங்கினார்கள். ஒரு செடி 150 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய், குழுவின் உள்கடன். பண்டிகைக்குள் 12 செடியைத் தலா 250 ரூபாய்க்கு விற்று 3,000 ரூபாய் எடுத்துவிட்டார்கள். மீதி 28 செடியும் பொங்கலுக்குள் போய்விடும் என்று நினைத்தார்கள். போகவில்லை. பங்குனி பிறந்தபோது அத்தனையும் பழுப்பாகி நின்றது.

"தண்ணி பத்தலையோன்னு காலையிலயும் சாயந்தரமும் ஊத்துனோம். ஊத்த ஊத்த இன்னும் கருகிப் போச்சு" என்றார் அந்தக் குழுவின் ஊக்குநர். மிச்சம் 3,000 ரூபாயை 12 உறுப்பினர்களும் ஆளுக்கு 250 வீதம் கட்டினார்கள். வட்டி தனி. "எங்க பேரைப் போடாதீங்க, ஆனா எழுதுங்க. மத்த குழுவுக்குப் பாடமா இருக்கட்டும்" என்று அவர்களே சொன்னதால் இந்த மாதப் பாடம் இது.

ஊசியிலைச் செடி என்றால் என்ன?

பூ பூக்காமல், கூம்பு மாதிரிக் காய்களில் விதை வைக்கும் மரங்களைத்தான் ஊசியிலை மரங்கள் என்கிறோம். பைன், சைப்ரஸ், துஜா எல்லாம் இந்த இனம். பெரும்பாலானவை வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். நம் சவுக்கு மரம் பார்க்க ஊசியிலை போல இருந்தாலும் அது இந்த இனம் இல்லை. அது பூக்கும் மரம்.

எது நம் ஊருக்கு ஆகும்?

துஜா: சமவெளியில் நம்பி வளர்க்கக் கூடியது இதுதான். விசிறியை நிறுத்தி வைத்தது போல இலை அடுக்கு இருக்கும். சொந்த ஊர் சீனா, கொரியா பக்கம். இதில் குட்டை ரகம் உருண்டையாக, இடுப்பளவு, மார்பளவு உயரத்தோடு மெதுவாக வளரும். தொட்டிக்கு நல்லது.

அரக்கேரியா: "கிறிஸ்துமஸ் மரம்" என்று நர்சரியில் விற்பது பெரும்பாலும் இதுதான். பசிபிக் கடல் தீவுகளில் பிறந்ததால் நம் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் இது குட்டைச் செடி இல்லை. தொட்டியில் இருக்கும் வரை அடக்கமாக இருக்கும். தரையில் வைத்தால் பனைமரத்தையும் தாண்டிப் போகும். வீட்டுச் சுவர் ஓரத்திலோ மின்கம்பியின் கீழோ வைக்கவே கூடாது.

பொன்நிற சைப்ரஸ்: அந்தக் குழு வாங்கியது இது. இதன் பூர்வீகம் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரை; குளிர்ந்த காற்று வீசும் இடம். ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் சகோதரிகள் தாராளமாக வளர்க்கலாம். சமவெளியில் மார்கழி, தை வரை அழகாக இருக்கும். வெயில் ஏறினால் தாங்காது.

தெரிய வேண்டிய முக்கியமான குணம்

கத்தரிச் செடிக்குத் தண்ணீர் இல்லை என்றால் மத்தியானமே தலை தொங்கிவிடும். ஊற்றினால் சாயந்தரம் நிமிர்ந்துவிடும். அது வாய்விட்டுச் சொல்கிற செடி. ஊசியிலைச் செடி அப்படி இல்லை. அதன் இலையில் மெழுகு பூசினது போல இருப்பதால் ஈரம் மெதுவாகத்தான் போகும். வெட்டி வைத்த கிறிஸ்துமஸ் மரம் வேரே இல்லாமல் வாரக்கணக்கில் பச்சையாக நிற்பதும் இதனால்தான். அதாவது, வேர் செத்த பிறகும் செடி பச்சையாகத் தெரியும். பழுப்பு நிறம் நம் கண்ணுக்குப் படும்போது காரியம் கை மீறியிருக்கும்.

அந்தக் குழுவுக்கு நடந்ததும் இதுதான். வெயிலில் வேர் நொந்துபோன செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் தண்டுத் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது.

நடும் முறை

1. அடியில் ஓட்டை உள்ள தொட்டி வேண்டும். ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது.

2. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். வெறும் களிமண் வேண்டாம்.

3. பையைக் கிழித்து வேர்க்கட்டு உடையாமல் வையுங்கள். பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான். தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது.

4. புதுச் செடியை ஒரு வாரம் அரை நிழலில் வைத்துப் பழக்கி, பிறகு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். துஜாவுக்கு நாளைக்கு 5, 6 மணி நேர வெயில் வேண்டும். சுவர் பக்கம் இருக்கும் பாகம் வெளிச்சம் இல்லாமல் மொட்டையாகும். அதனால் வாரம் ஒரு முறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.

தண்ணீர்

மணி பார்த்து ஊற்ற வேண்டாம். மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வரும் வரை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாது.

வெட்டுவதும் பூச்சியும்

செம்பருத்தியை மொட்டையடித்தால் மறுபடி துளிர்க்கும். துஜா அப்படித் துளிர்க்காது. பச்சை நுனியை மட்டும் லேசாகக் கத்தரியுங்கள். இலையில்லாத பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அந்த இடம் கடைசி வரை ஓட்டைதான். செடியின் உள்பக்கம் பழைய இலை மட்டும் காய்ந்து உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். நுனி காய்ந்தால்தான் கவலை.

கோடையில் செம்பேன் வரும். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் புள்ளி புள்ளியாக ஊர்ந்தால் செம்பேன்தான். காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கிளையை எல்லாப் பக்கமும் கழுவுங்கள். சில நாள் விட்டு மறுபடியும் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: துஜா இலை எண்ணெயில் நஞ்சு உண்டு. வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடாதீர்கள். பிள்ளைகளும் வாயில் வைக்கக் கூடாது.

நாமே கன்று உண்டாக்கலாமா?

துஜா விதை முளைக்கும். ஆனால் குட்டை ரகத்தின் விதையில் வருவது குட்டையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் குச்சி நடுவதே நல்லது. மழை ஓய்ந்த குளிர் மாதத்தில், விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலான பக்கக் கிளையை அடித்தோலோடு கிழித்தெடுத்து, கீழ் இலையை உருவி, ஈர மணலில் நட்டு, நிழலில் பாலித்தீன் தாளால் மூடி வையுங்கள். வேர் விட இரண்டு மூன்று மாதமாகும். எல்லாம் பிழைக்காது. அரக்கேரியாவுக்கு இந்த முறை ஆகாது. அதன் பக்கக் கிளையை நட்டால் மேலே வளராமல் படுத்தபடியே வளரும்.

கடன் வாங்கும் முன்

முதல் வருடம் ஐந்து செடி போதும். உங்கள் வாசலில் ஒரு கோடையைத் தாண்டட்டும். பிழைத்த செடியில் குச்சி எடுத்துப் பெருக்குங்கள். கணக்குப் போடும்போது சாகும் செடியையும், பண்டிகை முடிந்து தேங்கும் செடியையும் சேர்த்துப் போடுங்கள். விற்கும்போது எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள். அந்தக் குழுவிடம் செடி வாங்கிய ஒரு டீச்சர் காய்ந்த செடியோடு திரும்ப வந்து நின்றாராம். "பணம் போனதைவிட அதுதான் சங்கடமா இருந்துச்சு" என்றார்கள். இப்போது அதே குழு ஐந்து துஜாவோடு மறுபடி தொடங்கியிருக்கிறது, கடன் இல்லாமல்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊர்க் கோடையைத் தாங்கிய ஊசியிலைச் செடி யார் வீட்டில் இருக்கிறது? நேரில் போய்ப் பார்த்தோமா?

• விரலை விட்டு ஈரம் பார்க்கும் முறையை எல்லோரும் ஒரு முறை செய்து பார்த்தோமா?

• புதுத் தொழிலுக்கு உள்கடன் கேட்டால், எத்தனை செடி செத்தாலும் தவணை கட்ட முடியும் என்று கேட்கிறோமா?